கைக்கு ஒன்றும் ஆகவில்லை

பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள். மடியில் சும்மா கிடக்கும் அந்தக் கையை எடுத்து, விரல்களை நீவிக்கொண்டே, “நல்லா எண்ணெய் போட்டு உருவி விடுங்க, ரத்த ஓட்டம் வந்துட்டா சரியாயிடும்” என்பார் ஒருவர். தைலம் கிடைக்கும் ஊரின் பெயரை இன்னொருவர் எழுதித் தருவார். புறா ரத்தம் தடவச் சொல்கிறவர்களும் உண்டு. டீ வரும், குடிப்பார்கள், கிளம்புவார்கள். அந்தக் கையைப் பற்றி நாம் இன்னும் ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் பேசுவோம். ஏனென்றால் அந்தக் கையில் ஒரு கோளாறும் இல்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். நாடி பிடித்துப் பாருங்கள், துடிக்கும். ரத்தம் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எலும்பும் தசையும் கையிலிருந்து கழுத்துவரை போகும் நரம்பும் போன வாரம் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. ரத்தம் நின்றது தலைக்குள். நம் உடம்பின் வலப் பக்கத்தை இடது பாதி மூளையும், இடப் பக்கத்தை வலது பாதி மூளையும் நடத்துகின்றன. வலது கை விழுந்துவிட்டதென்றால் அடிபட்டது இடது மூளை. ‘தூக்கு’, ‘பிடி’, ‘விடு’ என்று அங்கிருந்து கைக்கு வந்துகொண்டிருந்த உத்தரவு வருவதில்லை. கைக்கு நேர்ந்தது அவ்வளவுதான்.

இதை ஒப்புக்கொண்டதும் அடுத்த சந்தேகம் எழும். மூளையில் செத்த செல் மறுபடி முளைக்காது என்கிறார்களே, அப்புறம் எப்படிச் சிலர் எழுந்து நடக்கிறார்கள்? சந்தேகம் நியாயமானது. செத்தது முளைப்பதில்லை என்பதும் உண்மை, சிலர் எழுந்து நடக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் அந்தச் சில மணி நேரம். பெரும்பாலான பக்கவாதங்களில் நடப்பது அடைப்பு. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு ரத்தக்கட்டி சிக்கிக்கொள்கிறது. மற்றவற்றில் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மூளையில் மொத்தம் ஏறத்தாழ 8,600 கோடி செல்கள் இருக்கின்றன. ஆனாலும் நிமிடத்துக்கு 19 லட்சம் என்பது சின்ன நஷ்டம் இல்லை. ரத்தம் நின்றுபோன பகுதியின் நடுவிடம் சீக்கிரமே போய்விடும். அதைச் சுற்றியுள்ள வளையம், பக்கத்துக் குழாய்களிலிருந்து கிடைக்கும் கொஞ்ச ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு, வேலை மட்டும் செய்யாமல் கிடக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று மருத்துவர்கள் பறப்பது இந்த வளையத்தைக் காப்பாற்றத்தான். வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால், சோடா கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

அடுத்தது முதல் சில வாரங்கள். மூளையின் வீக்கம் வடிகிறது. அடிபட்ட இடத்தோடு தொடர்பில் இருந்து, தனக்கு அடிபடாமலே செயலற்றுப்போன தூரத்துப் பகுதிகள் மெல்ல விழித்துக்கொள்கின்றன. ஒரு நாள் காலையில் கட்டை விரல் லேசாக அசையும். வீடே கூடிவிடும். இது பெரும்பாலும் மூளை தானாகத் தேறுவதுதான். நாம் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு நடக்கும். ஆனால் பேர் என்னவோ அந்த வாரம் தேய்த்த தைலத்துக்குத்தான் போகும்!

மூன்றாவது படியில்தான் நம் விஷயமே இருக்கிறது. வீக்கம் வடிந்தாயிற்று, விழிக்க வேண்டியது விழித்தாயிற்று, செத்தது செத்தாயிற்று. அந்த இடத்தை ஸ்கேனில் பார்த்தால் நீர் நிறைந்த ஒரு குழி. இதற்குப் பிறகும் ஒருவர் தேற முடியுமா?

1959இல் பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்ற கத்தலான் கவிஞருக்குப் பக்கவாதம் வந்தது. வயது 65. நியூயார்க்கில் கல்லூரிப் பேராசிரியர். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இனி தேற வழியில்லை, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்ற நிலைமை. மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைய மகன் ஜார்ஜ் அப்பாவை அங்கே அழைத்துப் போனார். மறுவாழ்வுப் பயிற்சி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பழைய விதி எதுவும் அவரைக் கட்டவில்லை. நடக்கப் பழகும் முன் குழந்தை என்ன செய்யும்? தவழும். அப்பாவையும் தரையில் இறக்கிவிட்டார். விழுந்த தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் தவழ்ந்தார் பெத்ரோ. தரையில் கோலிகளை உருட்டிவிட்டு, விழுந்த கையால்தான் பிடிக்க வேண்டும் என்று விளையாட்டு. அடுத்து அந்தக் கையாலேயே பாத்திரம் தேய்க்கும் வேலை, கால் மணி நேரம் வலமாக, கால் மணி நேரம் இடமாக. கற்ற மனிதரை நாய் மாதிரித் தவழ விடுகிறார்களே என்று அக்கம்பக்கத்தில் ஏசினார்கள். நம் ஊர் என்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பெத்ரோ எழுந்து நடந்தார், நியூயார்க்குக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார்.

சில ஆண்டுகள் கழித்து கொலம்பியாவில் மலை ஏறிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார். உடற்கூறு ஆய்வில் மூளையைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பகுதி பக்கவாதத்தின்போது அழிந்தபடியே கிடந்தது. புண் ஆறவேயில்லை. ஆனால் மனிதர் மலை ஏறிக்கொண்டிருந்தார்! மிஞ்சியிருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மூளை வேறு ஏற்பாடு செய்துவிட்டது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. மூத்த மகன் பால் இதைப் பார்த்துவிட்டு மறுவாழ்வு மருத்துவத்துக்கே வந்துவிட்டார். மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்வதைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் பெயர் முன்வரிசையில் இருக்கிறது.

அந்த ‘வேறு ஏற்பாடு’ எப்படி நடக்கிறது? மூளையின் மேற்பட்டையில் நம் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர் 1930களில் வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையில் வைத்தே மூளையில் மெல்லிய மின்சாரம் தொட்டு அதை வரைந்தார். ஓர் இடத்தைத் தொட்டால் விரல் துடிக்கும், சற்றுத் தள்ளித் தொட்டால் உதடு. விரல்களுக்கும் உதட்டுக்கும் பெரிய இடம், முதுகுக்குத் துக்கடா இடம். கையின் இடத்தை ஒட்டினாற்போல் முகத்தின் இடம். வளர்ந்தவர்களுக்கு இந்த வரைபடம் மாறவே மாறாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள்.

அது மாறுகிறது. வாரச் சந்தையில் கடை போடுகிறவர்களைப் பாருங்கள். யாருக்கும் பட்டா கிடையாது, வழக்கம்தான் உரிமை. கீரைக்காரம்மா நாலு வாரம் வராவிட்டால் பக்கத்துத் தக்காளிக்காரர் சாக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி விரித்துக்கொள்வார். அவர் பொல்லாதவர் இல்லை. சும்மா கிடக்கும் இடத்தை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். அந்தம்மா திரும்பி வந்து இடம் பிடிக்க வேண்டுமானால், ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் ஆகாது. வாராவாரம் கூடையோடு வந்து உட்கார வேண்டும்.

மூளைக்குள் இதற்குப் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சேர்ந்து வேலை செய்யும் செல்களுக்கு இடையே இணைப்பு பலப்படுகிறது. முன்பே இருந்தும் பயன்படாமல் கிடந்த இணைப்புகள் உயிர்பெறுகின்றன. காயத்தை ஒட்டியுள்ள செல்கள் புது இழைகளை விட்டுப் பக்கத்தில் துழாவுகின்றன. புதுச் செல் முளைத்துக் குழியை நிரப்புவது என்பது இதில் இல்லை. இருப்பவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே.

இதை நேரில் காட்டியவை சில குரங்குகள். அந்தக் கதை கொஞ்சம் கசப்பானது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் எட்வர்டு டாப் என்ற உளவியலாளர், குரங்கின் ஒரு கையிலிருந்து மூளைக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும் வெட்டினார். கையை அசைக்கும் நரம்புகளைத் தொடவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. பிறகு நல்ல கையைக் கட்டிப்போட்டார். குரங்கு ‘செயலிழந்த’ கையால் உணவை எடுத்துத் தின்றது! குரங்குகள் மோசமான நிலையில் வைக்கப்பட்டிருந்தன என்று 1981இல் போலீஸ் சோதனை நடந்து, விலங்குரிமை வழக்காக அது நாடெங்கும் பேசப்பட்டது. டாப்புக்குக் கீழ்க் கோர்ட்டில் கிடைத்த தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. அந்த விலங்குகள் பட்ட பாட்டை நியாயப்படுத்த எனக்கு மனம் இல்லை. அவற்றால் தெரியவந்ததை மறைக்கவும் முடியாது.

நரம்பு வெட்டி 12 ஆண்டுகள் ஆன பிறகு, 1991இல், அதே குரங்குகளின் மூளையில் கைக்குரிய இடத்தைச் சோதித்தார்கள். கையைத் தொட்டால் அங்கே சலனம் இல்லை. முகத்தைத் தொட்டபோது அந்த இடம் துடித்தது. பக்கத்துக் கடைக்காரர் சாக்கை விரித்துவிட்டார். மனிதர்களில் இதைக் காட்டியவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கலிபோர்னியாவில் கை துண்டிக்கப்பட்ட ஒருவரின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். கன்னத்திலும் உணர்ந்தார் அவர், இல்லாத கையின் கட்டை விரலிலும் உணர்ந்தார். சோதனைக்கு ஆன செலவு ஒரு பஞ்சுக் குச்சி. அதற்காகவே ராமச்சந்திரனை எனக்குப் பிடிக்கும்.

ஆக, மூளை மாறும். ஆனால் அது நம் நன்மைக்காகவே மாறும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பயன்படுத்தினால் பயன்பாட்டுக்குத் தக்கபடி மாறும். பயன்படுத்தாவிட்டால் அதற்கும் தக்கபடி மாறும். ராண்டால்ஃப் நூடோ என்ற ஆய்வாளர் 1996இல் இதைக் காட்டினார். குரங்கு மூளையில் கைக்குரிய இடத்தில் சின்னதாக ஒரு பக்கவாதத்தை உண்டாக்கிவிட்டு அப்படியே விட்டால், சாகாமல் மிஞ்சியிருந்த கைக்குரிய இடமும் சுருங்கிக்கொண்டே போயிற்று. நல்ல கையைத் தடுத்து, விழுந்த கையால் சின்னக் குழிகளிலிருந்து தீனியை எடுக்கப் பழக்கியபோது அந்த இடம் காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் முழங்கை, தோளுக்குரிய இடத்துக்குள்ளும் விரல்களின் இடம் பரவியது.

டாப்பின் குரங்கு ஏன் தன் கையைக் கைவிட்டது? ஆரம்ப நாட்களில் அந்தக் கையால் முயன்றபோதெல்லாம் தோற்றது. உணவு தவறியது, உடம்பு சாய்ந்தது. மறு கையால் காரியம் சுலபமாக முடிந்தது. சில வாரங்களில் கைக்குத் திராணி திரும்பியிருக்கலாம். ஆனால் ‘இது உதவாது’ என்று அதற்குள் குரங்கு கற்றுக்கொண்டுவிட்டது. நம் வீடுகளில் இதையே பார்க்கலாம். இடது கை விழுந்தவர் சாப்பிடுவது, எழுதுவது, பணம் எண்ணுவது எல்லாவற்றையும் வலது கையாலேயே முடித்துக்கொள்வார். இடது கை மாதக்கணக்கில் சட்டைக்குள் தொங்கும், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். வலது கை விழுந்தவர் பாடு வேறு. இடது கையால் சோறு உண்ணக் கூச்சம். அவர் தடுமாறத் தொடங்கும் முன்பே மருமகள் பிசைந்து ஊட்டிவிடுவார். சட்டைப் பித்தானை மனைவி போட்டுவிடுவார். எல்லாம் அன்புதான். ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் அந்தக் கைக்கு ஒரு வாய்ப்பு போகிறது.

நல்ல கையைக் கட்டிப்போடும் முறையை டாப் மனிதர்களுக்கான சிகிச்சையாக மாற்றினார். 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதைக் கழற்றக் கூடாது என்றார்கள். வார நாட்களில் தினம் 6 மணி நேரம்வரை விழுந்த கைக்குப் பயிற்சி. இப்படி இரண்டு வாரம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களின் கை தெளிவாக மேம்பட்டது, ஓராண்டு கழித்தும் அது நிலைத்திருந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இதில் சேர்க்கப்பட்டவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்கள். கை முற்றிலும் அசையாதவருக்கு இது பொருந்தாது. அப்படிப்பட்டவர்களுக்குச் சில இடங்களில் ராமச்சந்திரன் அறிமுகப்படுத்திய கண்ணாடி முறையைப் பயன்படுத்துகிறார்கள். நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கை அசைவதை விழுந்த கை அசைவதுபோல் பார்க்க வைப்பார்கள்.

இனி அந்த எண்ணெய்க்கு வருவோம். உருவிவிடுவது வீணா? இல்லை. மூட்டு இறுகிப்போகாமல் இருக்கக் கையை மெதுவாக அசைத்துவிடத்தான் வேண்டும். (விழுந்த கையைப் பிடித்து ஆளைத் தூக்க மட்டும் கூடாது, தோள் மூட்டு நழுவும்.) ஆனால் நாம் அசைக்கும்போது உத்தரவு நம் மூளையிலிருந்து போகிறது, அவர் மூளையிலிருந்து அல்ல. அவர் ‘எடுக்க வேண்டும்’ என்று நினைத்து, முயன்று, பாதியில் தவறி, எங்கே தவறியது என்று கண்ணால் பார்த்து, மறுபடி முயலும்போதுதான் இணைப்புகள் மாறுகின்றன. தவறுவதும் பயிற்சியின் பகுதிதான்.

எத்தனை தடவை என்பதில்தான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். விலங்குகளில் மூளை வரைபடம் மாறத் தினமும் நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பிசியோதெரபி நேரங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள், கையால் உருப்படியான ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி சராசரியாக முப்பது சொச்சம் தடவைதான் நடக்கிறது என்று கண்டார்கள். மிச்சம் வீட்டில்தான் நடந்தாக வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கிண்ணத்தில் கொண்டைக்கடலையைப் போட்டு இன்னொன்றுக்கு ஒவ்வொன்றாக மாற்றலாம். முதலில் எலுமிச்சம்பழம், அடுத்து கொட்டைப்பாக்கு, அதற்குப் பிறகு கடலை என்று சின்னதாக்கிக்கொண்டே போகலாம். காலி டம்ளரில் தொடங்கிக் கால் டம்ளர் தண்ணீருக்கு வரலாம். அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக, ஆனால் பத்தில் சிலமுறையாவது கைகூடுவதாக இருக்க வேண்டும்.

அதற்காக முதல் நாளே தொடங்கிவிடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியைத் தீவிரமாக எழுப்பி நடமாட வைத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. அவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மோசமாகவே தேறினார்கள். எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதங்களில் தேற்றம் வேகமாக இருக்கும், பிறகு நிதானப்படும். ஆனால் கதவை யாரும் சாத்துவதில்லை. மேற்சொன்ன 222 பேரும் மூன்று மாதம் தாண்டியவர்கள்தானே.

எல்லாமே பயிற்சியால் வந்துவிடும் என்று சொல்வதும் பொய். மூளையிலிருந்து இறங்கும் வழி முழுதாக அறுந்திருந்தால், விரல்களின் நுட்ப வேலை எத்தனை உழைத்தாலும் திரும்பாமல் போகலாம். அப்போது நோயாளி சோம்பேறி என்று அர்த்தம் இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வும் பிடித்துக்கொள்கிறது, அதற்கும் மருந்து உண்டு. ‘முயற்சி போதாது’ என்று அவரைக் கடிந்துகொள்வதைவிட அதை மருத்துவரிடம் சொல்வது மேல்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் வரும்போது, “இவர் தானாகச் செய்ய வேண்டியது எது, தினம் எத்தனை தடவை, நாங்கள் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும்?” என்று கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கி, சாப்பிடும் இடத்துக்கு எதிரே சுவரில் ஒட்டுங்கள். நலம் விசாரிக்க வருகிறவர்களும் படிக்கட்டும்.